சீட்டில்லாத மைதானம்: போலந்து வுட்ஸ்டாக்கின் வரலாறு

போலந்தில் ஒவ்வொரு கோடையிலும், ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, திறந்தவெளியில் ஒரு ராக் இசைத் திருவிழா நடக்கிறது. 1995-இல் தொடங்கிய இவ்விழா 2017 வரை ‘வுட்ஸ்டாக் நிறுத்தம்’ என்ற பொருள்படும் போலிஷ் பெயரில் நடந்தது. 2018 முதல் அதற்குப் ‘போலண்ட்ராக்’ என்று பெயர். கச்சேரி கேட்கக் கட்டணம் கிடையாது. அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கவும் கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரருக்கும், முதுகுப்பையோடு வந்து சேரும் வெளிநாட்டுப் பயணிக்கும் ஒரே விதிதான். ஐரோப்பாவின் பெரிய இசை விழாக்கள் பலவற்றில் சீட்டின் விலை ஒரு தொழிலாளியின் பல நாள் கூலியைத் தொடும் காலத்தில், இந்த விழா முப்பது ஆண்டுகளாகக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதற்கான காரணத்தைத் தேடினால் இசையிலிருந்து குழந்தைகள் மருத்துவமனைக்கும், அங்கிருந்து பொதுவுடைமை ஆட்சிக்காலத்துப் போலந்துக்கும் போக வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்தின் ராக் இசைக்கு ஊர் என்று ஒன்று இருந்தது. மேற்குப் போலந்தில் போஸ்னான் நகருக்குத் தெற்கே உள்ள யாரோச்சின் என்னும் சிற்றூர் அது. 1970-களின் தொடக்கத்திலேயே அங்கு இளைஞர் இசை விழா நடந்து வந்தது. 1980-இல் அது நாடு தழுவிய இளந்தலைமுறை இசைப் போட்டியாக விரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. சாலிடாரிட்டி தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கூட்டம் கூடுவதே குற்றமாயிற்று. ஆனால் யாரோச்சின் விழா நடந்தது. இளைஞர்களின் ஆத்திரம் தெருவில் வெடிப்பதைவிட ஒரு மைதானத்துக்குள் வெடிப்பது நல்லது என்று ஆட்சியாளர்கள் கருதினார்கள் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ரகசியப் போலீஸ் கூட்டத்துக்குள் ஆளை விட்டுக் கண்காணித்தது. பாடல் வரிகள் முன்கூட்டியே தணிக்கைக்குப் போயின. இத்தனைக்கும் நடுவில் டெசெர்டெர், ஷெக்கியெரா போன்ற பங்க் குழுக்கள் அந்த மேடையில் ஏறின. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அங்கு கூடினார்கள். வேறெங்கும் உரக்கச் சொல்ல முடியாததை மூன்று நாள் உரக்கக் கேட்க முடிந்த இடம் அது. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் போலிஷ்காரர்கள் பலரின் நினைவில் யாரோச்சின் பெற்றிருக்கும் இடத்தை இசை ரசனையை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது.

1989-இல் ஆட்சி மாறியது. விலைவாசி எகிறியது, அரசு ஆலைகள் மூடப்பட்டன, அரசு மருத்துவமனைகளில் கருவிகள் பழுதாகிக் கிடந்தன. இந்தச் சூழலில்தான் யெஜி ஓவ்ஷாக் என்ற பெயர் நாட்டுக்குப் பரிச்சயமாகிறது. 1953-இல் பிறந்த இவர் வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் செய்பவர். வானொலியில் ராக் நிகழ்ச்சி நடத்தியவர். திக்குவாயும் அதிவேகப் பேச்சும் கலந்த குரலுக்குச் சொந்தக்காரர். போலந்தில் அவரை யூரெக் என்று செல்லப்பெயரிட்டே அழைக்கிறார்கள். வார்சா குழந்தைகள் மருத்துவ மையத்தின் இதய அறுவை மருத்துவர்கள் அவருடைய வானொலி நிகழ்ச்சிக்கு வந்து, கருவி வாங்கப் பணமில்லை என்று நேயர்களிடம் முறையிட்டார்கள். நேயர்கள் உறைகளில் பணம் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘கிறிஸ்துமஸ் உதவியின் மாபெரும் இசைக்குழு’ என்ற நீண்ட பெயர் கொண்ட அமைப்பு.

1993 ஜனவரி 3 அன்று அதன் முதல் நிதி திரட்டல் நடந்தது. இளைஞர்கள் உண்டியலோடு தெருவில் நின்றார்கள். காசு போட்டவர்களின் சட்டையில் சிவப்பு இதய வடிவ ஒட்டுச்சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். ஊருக்கு ஊர் கச்சேரி நடந்தது. அரசுத் தொலைக்காட்சி நாள் முழுக்க நேரலையில் காட்டியது. ஒரே நாளில் 15 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்றைய போலந்தின் வறுமையை அறிந்தவர்களுக்கு அது நம்ப முடியாத தொகை. அதே ஆண்டில் அமைப்பு அறக்கட்டளையாகப் பதிவானது. ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் இந்த நிதி திரட்டல் இன்றுவரை நடக்கிறது; ஒவ்வோர் ஆண்டும் மருத்துவத்தின் ஒரு துறை இலக்காக வைக்கப்படுகிறது. பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் செவித்திறன் பரிசோதனை செய்யும் நாடு தழுவிய திட்டம் இந்தப் பணத்தில்தான் தொடங்கியது. போலந்து மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளில் அந்தச் சிவப்பு இதயம் ஒட்டிய கருவியைப் பார்க்காமல் வருவது கடினம். 2024-இல் திரட்டிய தொகை, போலந்து நாணயமான ஸ்லோட்டியில் 28 கோடியைத் தாண்டியது.

உண்டியலோடு தெருவில் நின்ற இளைஞர்களுக்குக் கூலி கிடையாது. ஜனவரியில் போலந்தின் குளிர் பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே இறங்கும். அந்தக் குளிரில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதே ஓவ்ஷாக்கின் கேள்வியாக இருந்தது. 1994-இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் ராக் விழாவின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தபோது அவர் நேரில் போய்ப் பார்த்தார். 1969-இல் பெத்தெல் என்ற ஊரின் பால்பண்ணை நிலத்தில் நடந்த அசல் வுட்ஸ்டாக் இலவச விழாவாகத் திட்டமிடப்பட்டதல்ல. சீட்டுகள் முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தன; வேலி கட்டி முடிப்பதற்குள் லட்சக்கணக்கானவர்கள் வந்து குவிந்துவிட்டதால் வேறு வழியின்றிக் கட்டணம் கைவிடப்பட்டது. ஓவ்ஷாக் தொடங்கியதோ முதல் நாளிலிருந்தே, தெரிந்தே, கட்டணமில்லாத விழா. ஜனவரியில் உழைத்தவர்களுக்குக் கோடையில் ஒரு நன்றிக் கச்சேரி. அவர்களோடு வர விரும்பும் எவரும் வரலாம். ‘அன்பு, நட்பு, இசை’ என்பது முழக்கமாயிற்று. யாரோச்சின் விழா 1994-இல் போலீசுக்கும் இளைஞர்களுக்கும் மூண்ட மோதலோடு நின்றுபோயிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடுவதற்கு இடமிழந்த ஒரு தலைமுறைக்குப் புது இடம் வாய்த்தது.

முதல் விழா 1995 ஜூலையில் வடக்கே பால்டிக் கடலுக்கு அருகில், ஷர்னோவியெட்ஸ் ஏரிக்கரையில் உள்ள சிமானோவோ கிராமத்தில் நடந்தது. அந்த ஏரிக்கரையில்தான் போலந்தின் முதல் அணுமின் நிலையத்தின் கட்டுமானம் 1990-இல் பாதியில் கைவிடப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு விழா ஷ்செச்சின் நகரின் டோம்பியே விமானத்திடலுக்குப் போனது. 1997-இல் தென்மேற்கில் உள்ள ஷாரி நகரம் இடம் கொடுத்தது; நடுவே 2000-ஆம் ஆண்டு மட்டும் வடக்கே லெம்போர்க்கில் நடந்ததைத் தவிர, 2003 வரை ஷாரியே விழாவின் ஊர். இந்த அலைச்சலுக்கு எளிய காரணம் உண்டு. சீட்டு விற்கும் விழாவில் எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்பே தெரியும். சீட்டில்லாத விழாவில் அது தெரியாது. லட்சம் பேர் வரலாம், மூன்று லட்சமும் வரலாம் என்று சொல்லி அனுமதி கேட்டால் கையெழுத்திடத் துணியும் நகராட்சிகள் குறைவு.

2004-இல் கோஸ்ட்ஷின் துணிந்தது. வார்த்தா ஆறு ஓட்ரா ஆற்றில் கலக்கும் இடத்தில், ஜெர்மனி எல்லையில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. 1945-க்கு முன் இது க்யூஸ்ட்ரின் என்ற பிரஷ்யக் கோட்டை நகரம். பின்னாளில் பிரடெரிக் மாமன்னர் என்று பெயர் பெற்ற இளவரசர், தந்தையின் கொடுமை தாளாமல் தப்பியோட முயன்று பிடிபட்டு, இந்தக் கோட்டையில்தான் அடைக்கப்பட்டார். அதற்கு உடந்தையாக இருந்த நண்பர் காட்டே 1730-இல் இங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1945-இல் சோவியத் படை முன்னேறியபோது பழைய நகரம் தரைமட்டமானது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. தெருக்கற்களும் வாசற்படிகளும் மட்டும் புல்லுக்கு நடுவே மிஞ்சி, இன்றும் பார்வையாளர்களுக்குக் காணக் கிடைக்கின்றன. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு, கிழக்கிலிருந்து வந்த போலிஷ் குடும்பங்கள் ஊரில் குடியேறின. ஓட்ரா ஆற்றின் அக்கரை ஜெர்மனி, இக்கரை போலந்து என்று ஆனது.

விழா வந்த அதே 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நீங்கியது. பெர்லினிலிருந்து கோஸ்ட்ஷினுக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே பெர்லினுக்கு வந்த எந்த நாட்டுப் பயணியும் மத்தியானம் ரயிலேறி மாலைக் கச்சேரிக்குப் போய்ச் சேர முடிந்தது. ஜெர்மானிய இளைஞர்கள் பாலத்தைச் சைக்கிளிலும் கால்நடையாகவும் கடந்து வந்தார்கள். போலந்தின் மற்றப் பகுதிகளிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. வழியெல்லாம் பாட்டும் கிதாருமாக அந்த ரயில் பெட்டிகளிலேயே விழா தொடங்கிவிடும். கட்டைவிரலை நீட்டி வண்டி கேட்டு வருபவர்களும் ஏராளம். போலந்தில் அதற்குப் பழைய மரபு ஒன்று இருக்கிறது. 1950-களின் இறுதியிலிருந்து அரசே வழிப்போக்கர்களுக்குக் கூப்பன் புத்தகம் விற்றது. ஏற்றிச்செல்லும் ஓட்டுநருக்குப் பயணி தூரத்துக்கேற்பக் கூப்பன் கிழித்துக் கொடுப்பார். கூப்பன் சேர்த்த ஓட்டுநர்களுக்குப் பரிசுக் குலுக்கல் நடக்கும். புத்தகம் வழக்கொழிந்த பின்னும் பழக்கம் தங்கியிருந்தது.

கூட்டம் பெருகியது. 2011-இல் பிரிட்டனின் ‘தி ப்ராடிஜி’ குழு வந்த ஆண்டில் ஏழு லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்கள் மதிப்பிட்டார்கள். வாசலில் சீட்டைக் கிழிக்காத விழாவில் இத்தகைய எண்கள் எல்லாமே மதிப்பீடுகள்தான்; போலீசின் கணக்கு எப்போதும் இதைவிடக் குறைவாகவே இருந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் சில நாளுக்கு அந்தச் சிற்றூர் போலந்தின் பெருநகரங்களில் ஒன்றாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. மேடையேறியவர்களில் அமெரிக்காவின் பாப்பா ரோச், வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, 2018-இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட் எனப் புகழ்பெற்றவர்கள் உண்டு. ஆனால் விழாவின் முதுகெலும்பு போலிஷ் குழுக்களே. ஒவ்வோர் ஆண்டும் புதுக் குழுக்களுக்குத் தேர்வுப் போட்டி நடத்தி மேடை கொடுக்கிறார்கள். சிறந்த நிகழ்ச்சியை ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘பொன் பம்பரம்’ பரிசும் உண்டு. வென்றவர்கள் மறு ஆண்டு திரும்ப அழைக்கப்படுகிறார்கள்.

கச்சேரியைவிட மைதான வாழ்க்கைக்காகவே வருகிறவர்கள் நிறைய. காலையில் கூடாரங்களுக்கு நடுவே நடந்தால் பொதுக் குழாயடியில் வரிசை, பிளாஸ்டிக் கழிப்பறைகளின் முன் வரிசை, தார்ப்பாய் நிழலில் தூங்கும் கும்பல். ‘குடைக்காளான்’ என்று எல்லோரும் அழைக்கும் நீர்த்தாரைக் கம்பம் ஒன்று உண்டு. அதைச் சுற்றித் தரை சேறாகிவிடும். அந்தச் சேற்றில் தலைமுதல் கால்வரை புரண்டு எழுவது இந்த விழாவின் அடையாளக் காட்சியாகிவிட்டது. பொழுது சாயும்போது யாராவது ஒருவர் “இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும்!” என்று கத்துவார், மைதானத்தின் நாலா திசையிலிருந்தும் “வாயை மூடு!” என்று பதில் வரும். புதிதாக வந்த வெளிநாட்டுப் பயணி இது சண்டையோ என்று மிரண்டு, இரண்டாம் நாள் தானும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிடுவார்.

இந்தியப் பயணியை நிற்க வைக்கும் இடம் வேறொன்று. ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் 1990-களிலிருந்தே இங்கு ‘கிருஷ்ணனின் அமைதிக் கிராமம்’ என்ற பெயரில் பெரும் கூடாரம் அமைக்கிறார்கள். பெரிய அண்டாக்களில் சோறு, காய்கறிக் கூட்டு, அப்பளம், நம் கேசரியை ஒத்த ரவை இனிப்பு ஆகியவற்றைச் சமைத்து மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். கையில் காசு தீர்ந்த ராக் ரசிகர்களின் பசியாற்றிய அடுப்பு இதுதான் என்பதால், இதற்குப் போலந்தில் தனி மதிப்பு உண்டு. மாமிசமும் உருளைக்கிழங்குமே சாப்பாடு என்றிருந்த ஒரு தலைமுறைப் போலிஷ் இளைஞர்களில் பலர் சைவச் சமையலை முதலில் ருசித்தது இந்த வரிசையில் நின்றுதான். ஜகந்நாதர் தேரையும் மைதானத்தைச் சுற்றி இழுக்கிறார்கள். பூரியின் ரதயாத்திரையைப் பின்பற்றிய அந்தத் தேரின் வடத்தைத் தோல்சட்டையும் உயர்த்திச் சீவிய சாயமுடியுமாக இருப்பவர்கள் பிடிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் விலகி நிற்கவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து ‘இயேசு நிறுத்தம்’ என்ற பெயரில் குருக்களும் குருமாணவர்களும் அருகிலேயே முகாமிட்டு, இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள்.

பேச்சுக்கென்றே ஒரு பெரிய கூடாரமும் உண்டு. ‘பேரழகுக் கலைகளின் கழகம்’ என்று பெயர் சூட்டப்பட்ட அங்கே நாட்டின் அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள், திரைப்பட இயக்குநர்கள் வந்து இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். சாலிடாரிட்டியின் தலைவராக இருந்த லெக் வலேசா வந்திருக்கிறார். கம்யூனிச ஆட்சிக்குப் பிந்தைய முதல் பிரதமர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கி வந்திருக்கிறார். 2012-இல் போலந்து அதிபர் கொமரோவ்ஸ்கியும் ஜெர்மனி அதிபர் யோவாகிம் கௌக்கும் ஒன்றாக வந்தார்கள். கௌக் கிழக்கு ஜெர்மனியில் பாதிரியாராக இருந்தவர். 1945-இல் ரத்தம் சிந்திய ஆற்றங்கரையில், அரைக்கால்சட்டையும் சேறுமாக உட்கார்ந்திருந்த இருநாட்டு இளைஞர்களோடு இரு அதிபர்களும் பேசியது, தலைநகரங்களில் நடந்த எத்தனையோ நல்லிணக்க விழாக்களைவிடப் பொருள் மிக்கது. விழா ஆகஸ்ட் 1-இல் அமையும் ஆண்டுகளில், 1944 வார்சா எழுச்சி தொடங்கிய மாலை ஐந்து மணிக்கு மைதானம் முழுவதும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துகிறது.

கட்டணமில்லாத விழாக்களின் வரலாற்றில் பாதுகாப்பு என்பது வலி நிறைந்த அத்தியாயம். 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத்திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு நடத்திய இலவசக் கச்சேரியில், மேடைக் காவல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் கும்பலிடம் விடப்பட்டது. பீர்தான் அவர்களுக்குச் சம்பளம். ஓர் இளைஞர் மேடைக்கு முன்னாலேயே குத்திக் கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே 1974 முதல் ஆண்டுதோறும் நடந்த இலவச விழா 1984-ஓடு முடிந்தது. 1985-இல் அங்கு போக முயன்றவர்களைப் போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியது. போலந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி வேறு. ‘அமைதி ரோந்து’ எனப்படும் தொண்டர் படை ஒன்றை அறக்கட்டளை உருவாக்கியது. ஷாடோவோவில் உள்ள தன் பயிற்சி மையத்தில் அவர்களுக்கு முதலுதவி, நெரிசலைக் கையாளுதல், குடிபோதையில் இருப்பவரைக் கோபமூட்டாமல் அணுகுதல் ஆகியவற்றைக் கற்றுத்தருகிறது. கூலி பெறும் காவலர்களும் போலீசும் மருத்துவக் குழுக்களும் கூடவே உண்டு. ஆனால் மைதானத்துக்குள் முதலில் வந்து கைகொடுப்பவர் பெரும்பாலும் அதே வயதுள்ள ஒரு தொண்டர்தான். ஜனவரியில் உண்டியல் ஏந்தியவரே கோடையில் முதலுதவிப் பையைத் தூக்குகிறார் என்பதால், கூட்டம் அவரை வெளியாளாகப் பார்ப்பதில்லை.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி போலந்தில் ஓயாமல் எழுந்து வந்திருக்கிறது. விளம்பரதாரர்களின் பணம், மைதானத்தில் பீரும் உணவும் விற்பவர்கள் தரும் தொகை, அறக்கட்டளைக்குச் சொந்தமான ‘பொன் முலாம்பழம்’ என்ற நிறுவனம் இசைத்தட்டும் சட்டையும் விற்றுச் சம்பாதிப்பது ஆகியவையே முக்கிய வருவாய். உண்டியல் பணம் மருத்துவத்துக்குப் போகிறது என்பது அறக்கட்டளையின் நிலைப்பாடு. எதிர்ப்பாளர்கள் இதை நம்ப மறுத்து வழக்குகள்வரை போயிருக்கிறார்கள். பழமைவாத அரசியலாருக்கும் ஓவ்ஷாக்குக்கும் இடையிலான பகை பழையது. போதை, ஒழுக்கக்கேடு, மதநிந்தனை என்ற குற்றச்சாட்டுகள் ஒவ்வொரு கோடையிலும் கிளம்பும். 2016-இல் விழா ‘கூடுதல் ஆபத்துள்ள நிகழ்ச்சி’ என்று வகைப்படுத்தப்பட்டது. அந்த வகைப்பாட்டால் காவலர் எண்ணிக்கை, வேலி, சோதனை ஆகியவற்றின் செலவு பன்மடங்கு கூடியது. சீட்டு விற்காத விழாவில் அந்தச் செலவை யார் தலையிலும் ஏற்ற முடியாது.

பெயர் மாற்றம் 2018-இல் வந்தது. வுட்ஸ்டாக் என்ற பெயரின் உரிமை அமெரிக்காவில் இருந்தது. அசல் விழாவின் ஐம்பதாம் ஆண்டு நெருங்கிய வேளையில் அதைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாமல் போனது. விழா போலண்ட்ராக் ஆனது. மறு ஆண்டு ஜனவரி 13 அன்று, க்தான்ஸ்க் நகரில் நிதி திரட்டல் நிறைவு மேடையில் நகரத் தந்தை பாவெல் அடமோவிச் கத்தியால் குத்தப்பட்டு, அடுத்த நாள் இறந்தார். குத்தப்பட்ட நாளன்று தெருவில் உண்டியல் ஏந்தி நின்றவர்களில் அவரும் ஒருவர். ஓவ்ஷாக் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். திரும்பி வரச் சொல்லி நாடெங்கும் மக்கள் கேட்டுக்கொண்டதால் சில நாளில் திரும்பினார். அந்தக் கோடையில் கோஸ்ட்ஷினில் 25-ஆம் விழா நடந்தது. அந்த ஊரில் அதுவே கடைசி.

2020-இல் கொரோனா பரவலால் விழா இணையம் வழியே மட்டும் நடந்தது. 2021-இல் வடமேற்கே ப்வோத்தி ஊரருகே உள்ள மக்கோவித்சே விமானத்திடலில், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்ட நிலையில் நடந்தது. 2022 முதல் சப்லினெக் நகரின் அருகே உள்ள ப்ரோச்சினோ விமானத்திடல் புது இடமாயிற்று. ஏரிகளும் காடும் நிறைந்த இப்பகுதி ஜெர்மன் எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது. பெர்லினிலிருந்து நேரடி ரயிலில் வந்து இறங்கும் வசதி இனி இல்லை. நகரத்துக்கு ரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து மைதானத்துக்கு விடப்படும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ‘அமைதி ரோந்து’, கிருஷ்ணர் சமையற்கூடம், பேச்சுக் கூடாரம், பொன் பம்பரப் பரிசு எல்லாம் கூடவே இடம்பெயர்ந்தன. நுழைவுக்கு இங்கும் சீட்டு விற்பதில்லை.